கிராப்பி எங்கே நிற்கும்? ஏரித் தூண்டிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டாலஸ் பக்கம் குடிவந்த பிறகு நான் முதலில் தூண்டில் போட்ட ஏரி லவான். ஊர்க் கண்மாயில் மண்புழு கோத்து ஜிலேபிக் கெண்டை பிடித்துப் பழகிய கை என்பதால் இங்கும் அதே மாதிரிதான் ஆரம்பித்தேன். காரை நிறுத்த வசதியாக ஒரு இடம், எதிரே மொட்டையாக ஒரு கரை, அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரக் கடைசி அப்படிப் போனது. நான் தேடிப் போன கிராப்பி மீன் ஒன்றுகூடத் தொடவில்லை. அதே கரையில் கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள் நின்ற ஒரு பட்ட மரத்தை ஒட்டித் தூண்டில் விட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் பத்து மீனோடு எழுந்து போனார். எங்கள் இருவருடைய இரையும் ஒன்றுதான். வித்தியாசம் இடத்தில் மட்டும்தான் இருந்தது.

கிராப்பி ஏரி முழுக்கப் பரவிக் கிடக்கும் மீன் அல்ல. கூட்டமாக ஒரு இடத்தில் நிற்கும். அந்த இடத்தை விட்டு இருபது அடி தள்ளிப் போட்டால் நாள் முழுக்க ஒன்றும் கிடைக்காது. அந்த இடம் எது என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: எந்த வகைக் கிராப்பி, தண்ணீர் கலங்கலா தெளிவா, என்ன பருவம். இந்த வரிசையிலேயே சொல்கிறேன். நான் சொல்லும் மாதக் கணக்கு வட டெக்சஸுக்கு. வடக்கே போகப் போக எல்லாம் சில வாரங்கள் தள்ளிப் போகும்.

படி 1: கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

கிராப்பி வட அமெரிக்காவுக்கே உரிய மீன். பக்கவாட்டில் தட்டையாக, கிட்டத்தட்ட நம் ஜிலேபிக் கெண்டையின் உருவத்தில், வெள்ளிப் பளபளப்போடு இருக்கும். வாய் மட்டும் பெரிது, உதட்டுச் சவ்வு காகிதம்போல் மெல்லியது. வகை இரண்டு: வெள்ளைக் கிராப்பி, கருப்புக் கிராப்பி.

பெயரை வைத்து நிறத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். வெள்ளைக் கிராப்பிக்கு உடம்பில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள் இருக்கும். கருப்புக் கிராப்பிக்கு ஒழுங்கில்லாமல் மை தெளித்த மாதிரி புள்ளிகள். கலங்கல் தண்ணீரில் இரண்டுமே வெளிறிப்போய் ஒன்றுபோலத் தெரியும். வசந்தத்தில் முட்டையிடும் காலத்தில் வெள்ளைக் கிராப்பியின் ஆண், முகமும் நெஞ்சும் கருத்துப்போய்க் கருப்புக் கிராப்பி மாதிரியே நிற்கும்.

அதனால் முள்ளை எண்ணுங்கள். மீனின் கீழ்த்தாடையை இடது கைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் முதுகுத் துடுப்பை வாலிலிருந்து தலைப்பக்கமாக நிமிர்த்துங்கள். துடுப்பின் முன்பகுதியில் ஊசிபோலக் கூர்மையான முள்கள் வரிசையாக எழும். பின்பகுதியில் வளைந்துகொடுக்கும் மென்மையான கதிர்கள்தான் இருக்கும், அவற்றை எண்ண வேண்டாம். தலைப்பக்கத்து முதல் முள் மிகச் சின்னது, நகத்தால் தடவினால்தான் தெரியும்; அதை விட்டுவிடாதீர்கள். ஐந்து அல்லது ஆறு முள் இருந்தால் வெள்ளை. ஏழு அல்லது எட்டு இருந்தால் கருப்பு. இரண்டாவது அடையாளமும் உண்டு. முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்திலிருந்து கண் வரை உள்ள தூரத்தைப் பாருங்கள். துடுப்பின் அடி நீளமும் அந்தத் தூரமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கருப்பு. துடுப்பு குட்டையாக, பின்னால் தள்ளி இருந்தால் வெள்ளை.

சில ஏரிகளில் மூக்கின் மேலிருந்து முதுகு வரை ஒரு கருங்கோடு ஓடும் மீன் கிடைக்கும். அதற்குக் கருமூக்குக் கிராப்பி என்று பெயர். அது தனி இனம் அல்ல, கருப்புக் கிராப்பியிலேயே மரபு வழியில் வந்த ஒரு சாயல். இரண்டு இனமும் வாழும் ஏரிகளில் அவை தாமாகவே கலந்து கலப்பினக் குஞ்சுகளும் வரும். மிசிசிப்பி மாநிலத்தில் வெள்ளைப் பெண்ணையும் கருமூக்கு ஆணையும் சேர்த்து, இனப்பெருக்கம் செய்யாத ஒரு கலப்பைப் பண்ணையில் உருவாக்கிச் சின்ன ஏரிகளில் விடுகிறார்கள். மக்னோலியா கிராப்பி என்பது அதன் பெயர். சின்ன நீர்நிலையில் சாதாரணக் கிராப்பியை விட்டால் அளவுக்கு மீறிப் பெருகி, இரை போதாமல் எல்லாமே விரல் நீளத்திலேயே நின்றுவிடும். அதைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு. உங்கள் குடியிருப்புக் குளத்தில் நாலு கிராப்பியைக் கொண்டுபோய் விடலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எதைத் தேடுவது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். வெள்ளைக் கிராப்பி கலங்கலைத் தாங்கும். கலங்கல் ஏரிகளில் அதுதான் ஆட்சி செய்யும். கருப்புக் கிராப்பிக்குத் தெளிந்த தண்ணீரும் நீர்ச்செடியும் வேண்டும்.

நான் ஒரு சின்னச் சோதனை செய்வேன். வெள்ளை நிறப் பிளாஸ்டிக் மூடி ஒன்றில் ஓட்டை போட்டு, கூடவே ஒரு ஈயக்குண்டைக் கட்டித் தூண்டில் நரம்பில் இறக்குவேன். ஒன்றரை அடிக்குள் மூடி கண்ணை விட்டு மறைந்தால் அது கலங்கல் தண்ணீர், வெள்ளையைத் தேட வேண்டியதுதான். மூன்று, நான்கு அடி வரை மூடி தெரிந்தால் கருப்பு இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே ஏரியிலும் இது மாறும். ஆறு வந்து கலக்கும் மேல்பகுதி கலங்கலாகவும் அணைக்கரைப் பக்கம் தெளிவாகவும் இருக்கும். அதனால் மேலே வெள்ளையும் கீழே கருப்பும் கிடைப்பது சகஜம்.

லவான் இருப்பது கரிசல் நிலத்தில். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்து மண் மாதிரியே காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் காலோடு ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தால் அந்த மண் ஏரிக்குள் இறங்கும், காற்றடித்தால் கரை ஓரம் முழுக்கக் கலங்கும். இங்கே நான் பிடித்ததில் பெரும்பாலானவை வெள்ளைக் கிராப்பிதான். டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஃபோர்க் ஏரியின் கதை வேறு. அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் உள்ளே நிறைய நிற்கின்றன, தண்ணீரும் தெளிவு, பாசி படரும் இடங்களும் உண்டு. அங்கே இரண்டு வகையும் கிடைக்கும்.

தண்ணீர் மாறினால் மீனும் மாறும் என்பதற்கு நல்ல உதாரணம் கென்டக்கி ஏரி. 1944இல் டென்னசி ஆற்றில் அணை கட்டி உருவான பெரிய நீர்த்தேக்கம். பல காலம் அங்கே வெள்ளைக் கிராப்பிதான் அதிகம். தண்ணீர் தெளியத் தெளியக் கருப்பின் பங்கு கூடிவிட்டது. மிசிசிப்பியின் கிரெனடா, ஈனிட், சார்டிஸ் போன்ற வெள்ளத்தடுப்பு ஏரிகள் இன்றும் வெள்ளைக் கிராப்பிக்குப் பேர்போனவை. உலகச் சாதனை வெள்ளைக் கிராப்பி 1957இல் ஈனிட் அணையில் கிடைத்தது. எடை 5 பவுண்டு 3 அவுன்ஸ். கருப்பின் சாதனை 2018இல் டென்னசியில் ஒரு குட்டையில், 5 பவுண்டு 7 அவுன்ஸ். நாம் பிடிப்பது பெரும்பாலும் அரை பவுண்டிலிருந்து ஒரு பவுண்டு வரைதான் இருக்கும், அதுவே நல்ல மீன். மினசோட்டா, மிச்சிகன் பக்கம் இருப்பவர்கள் கருப்பையே தேடுங்கள். அங்கே இருக்கும் இயற்கை ஏரிகளில் பாசியின் வெளி விளிம்புதான் அதன் வீடு.

படி 3: மரமா, பாசியா, பாலமா

வெள்ளைக் கிராப்பிக்கு மரம் வேண்டும். தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரம், சாய்ந்து விழுந்த மரத்தின் கிளைகள், முங்கிப்போன அடிக்கட்டை, மீன் தங்குவதற்காக யாரோ சுள்ளிகளைக் கட்டி இறக்கிய மிலார்க் குவியல், பழைய ஓடைத் தடத்தின் விளிம்பு இதெல்லாம் அதன் இடங்கள். அணை கட்டுவதற்கு முன்னால் ஓடிய ஓடை, ஏரி நிறைந்த பிறகும் அடியில் ஒரு பள்ளமாக இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு அடிக்கட்டை இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. இரைமீன் கூட்டத்தின் பின்னால் மரத்தை விட்டு நடு ஏரிக்குப் போய் அந்தரத்தில் நிற்பதும் வெள்ளைக்குப் பழக்கம்.

கருப்பு அவ்வளவு தூரம் அலையாது. பாசியின் விளிம்பு, நாணல், படகுத்துறையின் நிழல், பாறை அடுக்கிய கரை, இவற்றை ஒட்டியே நிற்கும். பூச்சி, சின்ன இறால் போன்ற உயிர்களை வெள்ளையைவிட அதிகமாகத் தின்பது இது; அவை செடிக்குள் இருப்பதால் இதுவும் அங்கேயே இருக்கிறது. பாசியின் நடுவே தூண்டில் போட வேண்டாம், சிக்கிக்கொண்டு நரம்புதான் போகும். பாசி முடிந்து வெறும் தண்ணீர் தொடங்கும் கோடு ஒன்று இருக்கும், அந்தக் கோட்டில் போடுங்கள். அந்தக் கோடு எங்காவது உள்வாங்கி ஒரு சின்ன வளைவு வைத்திருந்தால் முதலில் அங்கே.

இரண்டு வகைக்கும் பொதுவான இடம் பாலம். தூணின் நிழல், அடியில் ஆழம், கரையில் பாறை, மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். கோடை இரவில் பாலத்தடியில் விளக்குக் கட்டி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். வெளிச்சத்துக்கு நுண்ணுயிர்கள் கூடும், அவற்றைத் தின்ன ஷாட் என்ற இரைமீன் வரும், ஷாடைத் தின்ன கிராப்பி வரும். விளக்கைப் போட்ட உடனே மீன் வராது, ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை பல ஏரிகளில் மிலார்க் குவியல்களையும் பிளாஸ்டிக் கூடுகளையும் இறக்கி, அவை இருக்கும் இடங்களை வரைபடத்தோடு இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. புதியவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. போகும் முன் அதைப் பார்த்து, கரையிலிருந்து எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பருவத்துக்கு ஏற்ற ஆழம்

வசந்தம்தான் புதியவர்களுக்கான காலம். தண்ணீரின் வெப்பம் 55 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியதும் கிராப்பி ஆழத்திலிருந்து கிளம்பி, ஓடைகள் வந்து சேரும் ஏரிக் கிளைகளான ஓடைக்கால்களின் வழியாகக் கரைக்கு வரத் தொடங்கும். 60லிருந்து 68க்குள் முட்டையிடும். வட டெக்சஸில் இது பெரும்பாலும் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை. ரெட்பட் மரம் இலை விடும் முன்பே கிளை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்; அந்தப் பூவைப் பார்த்தால் நான் தூண்டில் பெட்டியை எடுத்துவிடுவேன்.

இங்கே கலங்கல் கணக்கு மறுபடியும் வரும். தண்ணீர் எவ்வளவு கலங்கலோ அவ்வளவு மேலே முட்டையிடும். கலங்கல் ஏரியில் வெள்ளைக் கிராப்பியை முழங்கால் ஆழத்தில்கூடப் பிடிக்கலாம். தெளிந்த தண்ணீரில் கருப்பு ஐந்தாறு அடிக்கோ அதற்கும் கீழேயோ போய்விடும். காற்று அடிக்காத, வெயில் படும் சின்ன ஓடைக்கால்களைத் தேடுங்கள், அங்கேதான் தண்ணீர் முதலில் சூடாகும். முட்டையிட்ட பிறகு பெண் போய்விடும், ஆண்தான் நின்று காவல் காக்கும். அந்த நேரத்தில் கருத்த முகத்தோடு ஒரே இடத்தில் அடுத்தடுத்து மாட்டுபவை எல்லாம் காவல் ஆண்கள். நாலைந்து எடுத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டுவிடுவது என் வழக்கம்.

கோடையில் ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு. அந்தக் கீழ் அடுக்கில் உயிர்வளி கிட்டத்தட்ட தீர்ந்துவிடும், மீன் அங்கே தங்காது. அதனால் கோடையில் அடிமட்டம் வரை இறக்குவது வீண். மீன் அந்த எல்லைக்குச் சற்று மேலே, வட டெக்சஸ் ஏரிகளில் பெரும்பாலும் 15லிருந்து 25 அடிக்குள், மிலார்க் குவியலின் உச்சியில் நிற்கும். விடியற்காலையும் இரவும் நல்ல நேரம். மத்தியானம் போகாதீர்கள், மீனுக்காக இல்லாவிட்டாலும் உங்கள் உடம்புக்காகச் சொல்கிறேன்.

இலையுதிர் காலத்தில் ஷாட் கூட்டம் ஓடைக்கால்களுக்குள் நுழையும், கிராப்பியும் பின்னாலேயே போகும். குளிர்காலத்தில் பழைய ஓடைத் தடத்தின் ஆழத்தில் பெருங்கூட்டமாகச் சேர்ந்து அசையாமல் கிடக்கும். படகு இருந்தால் அது அருமையான காலம். கரையில் நிற்பவர்களுக்குக் கஷ்டம்தான். ஆழமான படகுத்துறையைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

படி 5: இடத்தில் நின்றபின் என்ன செய்வது

சாமான் அதிகம் வேண்டாம். லேசான, நுனி வளையும் தூண்டில் கோல். 4லிருந்து 8 பவுண்டு தாங்கும் நரம்பு. ஆழத்தை மாற்றிக்கொள்ள வசதியான நழுவு மிதவை. மெல்லிய கம்பியால் செய்த தூண்டில் முள். மரத்தில் சிக்கினால் மெதுவாக இழுக்க முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும், நரம்பு அறாது. இரைக்குக் கடையில் கிடைக்கும் உயிர் மின்னோ மீன் அல்லது ஒரு அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு எடையுள்ள ஜிக், அதாவது முள்ளின் தலையில் ஈயம் வைத்த செயற்கை இரை. கலங்கலில் பளிச்சென்ற பச்சை மஞ்சளும், தெளிந்த நீரில் வெள்ளை, சாம்பல் போன்ற அடங்கிய நிறங்களும்.

முதலில் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். நரம்பின் நுனியில் கனமான ஈயத்தைக் கட்டி இறக்கினால், தரை தட்டியதும் நரம்பு தொய்யும். அந்த இடத்தில் நரம்பைப் பிடித்து, கோலோடு வைத்து அளந்தால் எத்தனை அடி என்று தெரிந்துவிடும். பிறகு மீன் நிற்கும் என்று நீங்கள் நினைக்கும் ஆழத்துக்கு ஒரு அடி மேலே இரையை நிறுத்துங்கள். கிராப்பியின் கண் மேல்நோக்கிப் பார்க்க வசதியாக அமைந்தது. மேலே இருக்கும் இரையை எழும்பி வந்து எடுக்கும், தனக்குக் கீழே போன இரையைக் கவனிக்காது.

எழும்பி எடுப்பதால் கடிக்கும் விதமும் வேறு. ஜிலேபிக் கெண்டை மாதிரி மிதவையைப் படக்கென்று இழுத்துக்கொண்டு போகும் என்று காத்திருந்தால் பாதி மீனைத் தவறவிடுவீர்கள். நேராக நின்ற மிதவை சாவகாசமாகச் சாய்ந்து தண்ணீர்மேல் படுத்துக்கொள்ளும். இரையை மீன் மேலே தூக்கிவிட்டது, மிதவைக்குக் கீழே எடை இல்லை என்று அர்த்தம். அப்போது கோலை வெடுக்கென்று இழுக்காமல், மணிக்கட்டை மட்டும் மெதுவாக உயர்த்துங்கள். காகித உதடு என்று சொன்னேனே, வேகமாக இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். கரைக்கு வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்காமல் வலையில் அள்ளுங்கள்.

ஒரு இடத்தில் பதினைந்து நிமிடம் போதும். கடிக்கவில்லை என்றால் இடத்தை மாற்றும் முன் ஆழத்தை மாற்றுங்கள், இரண்டு அடி மேலே, இரண்டு அடி கீழே. அதற்கும் இல்லை என்றால் அடுத்த மரத்துக்கு நடையைக் கட்டுங்கள். ஒரு மீன் மாட்டினால் நரம்பின் அளவை மாற்றாமல் அதே இடத்தில், அதே ஆழத்தில் திரும்பப் போடுங்கள். அங்கே ஒன்று இருந்தால் பத்து இருக்கும்.

இரை விற்கும் கடைக்காரரிடம் எங்கே மீன் இருக்கிறது என்று கேட்டால் பொதுவாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார். இந்த வாரம் எத்தனை அடியில் கடிக்கிறது, மரத்திலா பாலத்திலா என்று கேளுங்கள். இதற்கு அனேகமாக எல்லோரும் உண்மையைச் சொல்வார்கள், நமக்கு வேண்டியதும் அதுதான்.

படி 6: உரிமமும் விதியும்

டெக்சஸில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். உரிமத்தின் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். மாநிலப் பூங்காவுக்குள் கரையிலோ மேடையிலோ நின்று பிடிப்பதற்கு மட்டும் உரிமம் தேவையில்லை; முதல்முறை குடும்பத்தோடு போய்ப் பார்க்க நல்ல வழி. கிராப்பிக்குப் பொது விதி, குறைந்தது 10 அங்குல நீளம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு வகையும் சேர்த்து 25. வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து, மூக்கிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். ஒன்பதே முக்கால் என்றால் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். படகில் இருக்கும்போது தலை வாலை வெட்டிச் சுத்தம் செய்யக் கூடாது, கரைக்கு வந்தபின்தான்.

ஃபோர்க் ஏரியில் ஒரு தனி விதி உண்டு. டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை நீளக் கட்டுப்பாடு இல்லை, பிடித்த கிராப்பி அத்தனையையும் வைத்துக்கொள்ள வேண்டும், திருப்பி விடக் கூடாது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் மீனின் காற்றுப்பை வீங்கிவிடும்; சின்னது என்று திருப்பி விட்டாலும் அது பிழைக்காது. சாகும் மீனை ஏரியில் விடுவதைவிட எண்ணிக்கையில் சேர்ப்பது நியாயம் என்று இந்த விதி. ஏரிக்கு ஏரி இப்படி மாறும் என்பதால் போகிற ஏரியின் பெயரைப் போட்டு அந்த ஆண்டின் விதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

படகில் போகிறவர்கள் கிளம்பும்போது தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். 2009இல் டெக்ஸோமா ஏரியில் தென்பட்ட வரிச் சிப்பிகள் (ஜீப்ரா மசல்) படகில் தங்கும் தண்ணீரோடு இப்படித்தான் ஏரிவிட்டு ஏரி பரவுகின்றன. இது சட்டம்.

வீட்டுக்கு வந்த மீனைப் பற்றி ஒரு வார்த்தை. கிராப்பியின் சதை வெள்ளை, மென்மை, கவிச்சி குறைவு. புளிக்குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் உதிர்ந்து முள்தான் மிஞ்சும். முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை ஓட்டி இரண்டு பக்கத்துச் சதையையும் தனியாக எடுத்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசிமாவு, எலுமிச்சைச் சாறு பிசறிப் பத்து நிமிடம் வைத்து, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம். குழம்புதான் வேண்டும் என்றால் தலையையும் முள்ளையும் போட்டுக் கொதிக்க வைத்து, சதையை அடுப்பை அணைக்கும் நேரத்தில் மேலாகப் போட்டு மூடிவிடுங்கள்.